ஓலைத்தொடுவாயில் பாசி செத்த வருஷம்

எடித்துக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய் முழுக்கத் தெரிந்த விஷயம். மீன் நிறுக்க வந்த வியாபாரி தராசுத் தட்டில் பெருவிரலை மெல்ல ஊன்றினான் என்று, அந்தத் தராசையே பிடுங்கிக் கடலுக்குள் எறிந்தவள். கோயில் திருநாளுக்கு வரி சேர்க்க வருகிறவர்கள்கூட அவள் வீட்டுப் படலையைத் திறக்க முன்னம் ஒருக்கா இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஆனால் அவள் கோபம் பால் பொங்குகிற மாதிரி. பொங்கும், அடங்கும், பிறகு வஞ்சம் இராது. கடற்பாசி விஷயத்தில் வந்த கோபம் மட்டும்தான் அடங்காமல் நின்றது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் குமர்ப்பிள்ளையாக வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவள். மண்டபம் முகாமில் கிறகரியைக் கலியாணம் முடித்தாள். அங்கேயே இரண்டு பெண்பிள்ளைகளையும் பெற்றாள். போர் முடிந்து ஊருக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் உடைமரம் நின்றது. கிறகரி பழையபடி கடலுக்குப் போனான். ஆனால் அக்கரை இந்திய இழுவைப் படகுகள் வந்து போன இரவுக்கு மறுநாள் வலையைத் தேடிப் போனால் மிதவை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். எடித் மற்றவர்களுடைய வலைகளில் நண்டு கழற்றிக் கொடுத்துக் கூலி வாங்கினாள். நண்டுக் கால் குத்திக் குத்தி அவள் விரல் நுனிகள் மரத்துப் போயின. மகளின் தலையில் பேன் பார்க்கும்போது மயிர் கையில் படுவதே தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர் கலாநிதி அமிர்தநாயகம். பக்கத்து ஊரான தோட்டவெளியில் பிறந்து, கொழும்பில் பெரிய படிப்புப் படித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்கிற மனிதர். வந்ததும் மேடைக் கதிரையை விட்டு இறங்கி, பெண்களுக்கு நடுவில் வந்து நின்று கதைத்தார்.

"கிராமங்களுக்குப் புதுத் தொழில் தேடுறதுக்கெண்டு ஒரு வெளிநாட்டு நிதியம் காசு ஒதுக்கியிருக்கு. ஐஸ்கிறீமுக்கும் பற்பசைக்கும் போடுற பசை ஒரு கடற்பாசியில இருந்துதான் எடுக்கிறது. அது உங்கட கடலில வளருமோ எண்டு பாக்கப்போறம். இது வியாபாரமில்லை, ஆய்வு. சரிவரலாம், சரிவராமலும் போகலாம். வராட்டி ஏன் வரேல்லை எண்டு கண்டுபிடிக்கிறதுதான் எங்கட வேலை."

அந்தக் கடைசி வசனம் எடித்துக்குப் பிடித்துவிட்டது. தையல் மெசின் தந்தவர்களும் கோழிக்குஞ்சு தந்தவர்களும் நாளைக்கே வீடு மாளிகையாகும் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். சரிவராமலும் போகலாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் இவர். அன்று பின்னேரமே அவள் வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவை முதலில் பிடித்தாள். இருவரும் முகாமில் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழே பிள்ளை வளர்த்தவர்கள்.

"கடலுக்க பொம்பிளையள் இறங்கிறதோ? ஆம்பிளையள் என்ன சொல்லுவினம்?" என்றாள் பெற்றிசியா.

"அவையள் சொல்லுறதைச் சொல்லட்டும். நீ வாறியோ இல்லையோ?"

பெற்றிசியா வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் சமநிலைக்கு வந்த பிறகு வேலை தொடங்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் தடி நட்டு, தடிக்குத் தடி கயிறு இழுத்து, கயிற்றில் விதைப்பாசியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டினார்கள். அமிர்தநாயகத்துக்கு உதவியாளராக வஸீர் என்றொரு பட்டதாரி இருந்தான். தீவுக்கு வெளியே, தெற்குக் கரையில் இருக்கிற முசலிப் பக்கத்துப் பிள்ளை. குடும்பம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியிருந்தது. அவனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களோடு தண்ணீருக்குள் நிற்பான். மாலையில் பாசியை நிறுத்து எழுதிக்கொண்டு போவான். தண்ணீரில் இறங்கின நாளுக்கு ஒவ்வொருத்திக்கும் திட்டத்திலிருந்து படிக்காசும் கொடுப்பான். பாசி ஒரு மாதத்துக்குள் கைக்கொள்ளாமல் வளர்ந்தது. பெண்கள் கயிற்றைத் தூக்கினால் பச்சையும் மண்ணிறமுமாகக் குலைகுலையாகத் தொங்கும். கொழும்பிலிருந்து படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். எடித்தை ஒரு குலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, சூரியன் சரியில்லை என்று திருப்பி நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவளுக்குச் சிரிப்பு உண்மையாகவே வந்தது.

உயிர்த்த ஞாயிறு முடிந்து வெயில் ஏறியது. காற்று நின்றது. கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. முதலில் பாசியின் நுனிகள் வெளுத்தன. பிறகு தண்டு வெளுத்துக் கூழாகியது. பிடித்தால் விரலோடு வந்தது. ஒரு கிழமைக்குள் கயிறுகள் மொட்டையாகின. அழுகல் மணம் ஊருக்குள் வரைக்கும் அடித்தது.

வஸீர் ஓடி வந்து வெளுத்த பாசியைப் போத்தல்களில் அடைத்தான். "கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேணும் அக்கா. முடிவு வந்ததும் சொல்றன்," என்றான்.

முடிவு வரவில்லை. அமிர்தநாயகம் புதிய விதைப்பாசி அனுப்பினார். மறுபடி கட்டினார்கள். அதுவும் வெளுத்து அழுகியது. அவளுக்கு அப்போது கோபம் வரவில்லை. கடல் என்றால் கொடுக்கும், பறிக்கும். அது அவளுக்குப் புதிதில்லை. போத்தலுக்குள் போனதன் பதில் வந்தால் போதும் என்று இருந்தாள்.

வந்தது கலண்டர்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, வீட்டுக்கு ஒன்று என்று வழவழப்பான தாளில் அச்சடித்த கலண்டரை ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து பங்கிட்டார்கள். முன்பக்கத்தில் எடித் பாசிக் குலையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே, 'புதிய தொழில், புதிய வாழ்வு: மன்னார்ப் பெண்களின் வெற்றி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஊருக்கு அது திருவிழா. "எடித்து நடிகையாகிட்டாள்" என்று பெடியள் பகிடி விட்டார்கள். கிறகரி சுவரில் ஆணி அடித்தான். எடித் அதை வாங்கி ஒருக்காப் பார்த்தாள், இன்னொருக்காப் பார்த்தாள்.

"ஆணியைக் கழட்டு," என்றாள்.

"ஏன்? நல்ல படம்தானே."

"செத்த பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுற மாதிரி இருக்கு. கழட்டு எண்டிறன்!"

அமிர்தநாயகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் பொறுமையாகத்தான் கதைத்தார். "எடித், அது நல்லாய் வளர்ந்த காலத்தில எடுத்த படம். பொய்யில்லையே. ரெண்டாம் கட்டத்துக்குக் காசு வரட்டும், மற்றதைப் பிறகு பாப்பம்."

"பரிசோதனை முடிவு என்ன சேர்?"

"அதையும் பிறகு பாப்பம்."

மூன்றாம் தரம் எடுத்தபோது அவர் தொலைபேசியைத் தூக்கவே இல்லை.

தைப்பொங்கல் முடிந்து சில நாளில், முசலிக் கரையிலிருந்து ஒரு பெண் பஸ் மாறி மாறி எடித்தின் வீடு தேடி வந்தாள். உம்மு ஸல்மா என்று பேர். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், ஆடு வளர்க்கிறவள். இரண்டாம் கட்ட ஆய்வு அவர்கள் கரையிலும் நடக்குமாம். அங்கேயும் பெண்களைச் சேர்க்கிறார்களாம். தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"தங்கச்சி, ஒங்கட படத்தப் பாத்துத்தான் எங்கட பொம்புளயள் ஓம் எண்டவங்க. நான் ஆட்ட வித்துப்போட்டுப் பாசியில எறங்கலாமெண்டு நிக்கிறன். ஆடும் பாத்து, கடலும் பாக்க ஏலாது. நீங்க எனக்கு மறைக்காமச் சொல்லுங்க. வருமானம் எப்பிடி?"

எடித் எழுந்து அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தடிகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒவ்வொரு தடியிலும் ஒரு நீர்க்காகம் இருந்தது.

"இதுதான் வருமானம்," என்றாள்.

உம்மு ஸல்மா தடிகளைக் கடைசிவரை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "யா அல்லாஹ், நாளைக்கெல்லோ ஆடு புடிக்க யாவாரி வாறான்," என்றாள்.

"விக்காதேங்கோ அக்கா. ஒரு ஆட்டையும் விக்காதேங்கோ."

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிற வழியிலேயே எடித் முடிவெடுத்துவிட்டாள். இரண்டாம் கட்டத்துக்கான திட்டக் கூட்டம் மன்னார்ப் பட்டினத்தில் நடக்கவிருந்தது. அதில் எடித் பேச வேண்டும் என்று ஏற்கெனவே அழைப்பு வந்திருந்தது. வெற்றிக் கதை சொல்லத்தான்.

அவள் அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறாள் என்பது எப்படியோ பெற்றிசியாவின் காதுக்குப் போய்விட்டது. அவள் வந்து படலையடியில் நின்றாள்.

"எடித்து, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறன், அங்க போய் ஒண்டும் உளறாத. ரெண்டாம் கட்டம் வந்தால் எங்களுக்கும் படிக்காசு வரும். பாசி வந்தாலென்ன, வராட்டியென்ன? என்ர மூத்தவளை ரியூசன் வகுப்புக்கு விட்டது அந்தப் படிக்காசிலதான்."

"அங்கால முசலியில ஒருத்தி ஆட்டை விக்க நிக்கிறாள், பெற்றிசியா. என்ர மூஞ்சியைப் பாத்து."

"அவள் ஆர், நாங்கள் ஆர்? உனக்கு எங்களைவிட அவள் பெரிசோ?"

பெற்றிசியா சொன்னது சின்ன விஷயமில்லை. பசி தெரிந்தவள் சொல்கிற விஷயம். ஆனால் கோபம் எடித்தைத் திரும்ப விடவில்லை.

கூட்டம் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் திட்டமிடல் ஆட்கள், பல்கலைக்கழக ஆட்கள், நிதியத்தின் அதிகாரியான ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லோரும் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் எடித்தின் சிரிப்பு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அவள் தமிழில் சொல்ல, வஸீர் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

எடித் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"என்ர பேர் எடித். பின்னால சிரிச்சுக்கொண்டு நிக்கிறது நான்தான். என்ர கையில இருக்கிற பாசி செத்துப்போச்சு."

வஸீர் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அமிர்தநாயகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளி என்று அந்தக் கண் கெஞ்சியது. வஸீர் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, எடித் சொன்னதைச் சொன்னபடியே சொன்னான். வெள்ளைக்காரப் பெண் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் செத்தது," என்றாள் எடித்.

அமிர்தநாயகம் எழும்பினார். "எடித், அது ஒரு சின்னப் பின்னடைவு. அதைப் பற்றி நாங்கள்…"

"இருங்கோ சேர். நான் இன்னும் முடிக்கேல்லை." அவள் குரல் ஏறியது. "ஏன் செத்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தேடத்தானே இந்தக் காசு வந்தது? சரிவராமலும் போகலாம் எண்டு நீங்கள்தானே எங்கட கோயில் மண்டபத்தில சொன்னனீங்கள்? பாசி செத்ததில ஒருத்தருக்கும் வெக்கமில்லை. செத்ததைச் சாகேல்லை எண்டு படம் அடிச்சு ஊர் ஊராய்க் குடுத்தீங்களே, அதுதான் வெக்கம். அந்தப் படத்தைப் பாத்து முசலியில ஒரு தாய் தன்ர ஆட்டை விக்க வெளிக்கிட்டாள். வித்திருந்தால் அந்தப் பாவம் ஆருக்கு? படத்தில நிக்கிறவளுக்குத்தானே!"

வஸீர் ஒவ்வொரு சொல்லையும் கொண்டுபோய்ச் சேர்த்தான். வெள்ளைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். அவன் அதை எடித்துக்குச் சொல்லவில்லை. தானே பதில் சொன்னான். பிறகு எடித்தின் பக்கம் திரும்பினான்.

"செத்த பாசியைப் பரிசோதிச்சதோ எண்டு கேக்கிறா அக்கா. இல்லை எண்டு சொன்னன். போத்தல் எல்லாம் இன்னும் எங்கட ஆராய்ச்சிக் கந்தோர் அலுமாரியிலதான் இருக்கு. பரிசோதனைக்கெண்டு திட்டத்தில காசே போடேல்லை."

"கலண்டருக்கு?" என்று கேட்டாள் எடித்.

வஸீர் தலையைக் குனிந்தான். அமிர்தநாயகம் கதிரையில் இருந்துவிட்டார். எடித் ஒலிவாங்கியை மேசையில் போட்ட சத்தத்துக்குக் கச்சேரிக்காரர் ஒருவர் திடுக்கிட்டார். அவள் வெளியே வந்து, வெயிலில் நடந்தே பஸ் நிலையத்துக்குப் போனாள்.

இரண்டாம் கட்டத்துக்கான காசை நிதியம் நிறுத்தி வைத்தது. படிக்காசும் நின்றது. அதன் பிறகு ஊரில் எடித்தோடு கதைக்க ஆளில்லை. கடைக்குப் போனால் நின்ற பெண்கள் விலகினார்கள். ஒருநாள் விடிய எழும்பினால் படலையில் அழுகின மீன்குடல் தொங்கியது. ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் பெற்றிசியாவுக்கு அவள் கையை நீட்டினாள். பெற்றிசியா தன் கைகளைக் கூப்பியபடியே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னது சரிதான். ஆனால் சரி சோறு போடாது," என்றான் கிறகரி.

"பொய் மட்டும் போட்டதோ?" என்று அவன் மேலும் பாய்ந்தாள். ஊர்ப் பெண்கள் மேலும் அவளுக்குக் கோபம்தான். அவர்களுக்காகத்தானே கத்தினேன், அவர்களே குடலைக் கட்டுகிறார்களே என்று. தன் மகள்கள் மேல்கூடக் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். நண்டு கழற்ற அவளைக் கூப்பிடுகிறவர்களும் குறைந்து போனார்கள்.

அந்த வருஷம் பெருநாள், திருநாள் எல்லாம் போய், அடுத்த வாடையும் தொடங்கிய பிறகு ஒருநாள் அமிர்தநாயகம் வந்தார். வஸீரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தார். முகம் மெலிந்திருந்தது. முற்றத்துக் கதிரையில் இருந்து, எடித் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நிதியம் எப்பிடி நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது, எடித்," என்றார். அவருக்கும் கோபம் இருந்தது. "சரிவரேல்லை எண்டு எழுதினால் அடுத்த வருஷம் அந்தக் காசு வேற நாட்டுக்குப் போயிடும். வெற்றி எண்டால்தான் திரும்பத் தருவினம். நான் சொன்ன பொய் எனக்காக இல்லை. மன்னாருக்காக."

"மன்னாருக்காக எண்டு மன்னார்ப் பொம்பிளையளுக்கே பொய் சொன்னீங்கள்."

வஸீர்தான் விஷயத்தைச் சொன்னான். நிதியம் காசை முழுதாக நிறுத்தவில்லை. வெட்டிக் குறைத்துவிட்டு, பாசி ஏன் செத்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள், தொழிலைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. ஓலைத்தொடுவாயிலும் முசலிக் கரையிலும் ஒரே நேரத்தில் நட்டுப் பார்க்க வேண்டும். திட்டத்தை எழுதும்போது இரண்டு கரைப் பெண்களும் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தது.

"நான் திரும்பக் கடலுக்க இறங்கிறன்," என்றாள் எடித். "ஆனால் இப்பவே சொல்லிப்போட்டன். செத்தால் செத்தது எண்டு எழுத வேணும். அதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்ட வேணும். இல்லாட்டி உந்தத் தடியளைப் பிடுங்கி உங்கட கந்தோர் வாசலில கொண்டுவந்து குத்துவன்."

"ஓம்," என்றார் அமிர்தநாயகம். அதற்கு மேல் அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எடித்தும் கேட்கச் சொல்லவில்லை.

பெண்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். பெற்றிசியா வந்தாள். ஆனால் எடித்தின் கயிற்றுக்குப் பக்கத்துக் கயிற்றில் நின்றுகொண்டு, "தடியைப் பிடி", "முடிச்சை இறுக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. இந்த முறை தண்ணீருக்குள் வெப்பமானிகள் கட்டினார்கள். போத்தல்கள் அந்தந்தக் கிழமையே கொழும்புக்குப் போயின. வெயில் ஏறியது. ஓலைத்தொடுவாய்ப் பாசி வெளுத்தது. முசலியில், அலையை உடைக்கிற கற்பாருக்கு உட்பக்கம் உம்மு ஸல்மாவின் பெண்கள் கட்டிய பாசி வெளுக்கவில்லை. அங்கே தெற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே அதே காற்றுக்கு ஊரே மறைப்பாக நின்றதால் ஆழமில்லாத தண்ணீர் அசையாமல் கிடந்து கொதித்தது.

அமிர்தநாயகம் அந்த முடிவைக் கோயில் மண்டபத்தில் வாசித்தார். ஓலைத்தொடுவாயில் வாடை ஓய்ந்த பிறகு வெயில் ஏறும்வரைக்கும்தான் பாசி வளர்க்கலாம். வருஷம் முழுக்க வைத்திருக்கிற தொழில் முசலிக் கரைக்குத்தான் பொருந்தும்.

பெண்கள் எல்லோரும் எடித்தைப் பார்த்தார்கள். அவள் கேட்ட பதில் வந்துவிட்டது. அந்தப் பதில் அவள் ஊரிலிருந்து தொழிலின் பெரும் பங்கை எடுத்து வேறு கரைக்குக் கொடுத்துவிட்டது. எடித் எழும்பி வெளியே போய், கோயில் மதிலைக் கையால் ஓங்கி அடித்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் அது. கடலைத்தான் திட்டினாள்.

ஆனால் ஓலைத்தொடுவாய்ப் பெண்களின் வேலை வெயில் காலத்தோடு முடியவில்லை. முசலியில் பாசி பெருகப் பெருக உம்மு ஸல்மாவுக்கு ஆள் போதவில்லை. கயிறு கட்டப் பழகின கைகள் ஓலைத்தொடுவாயில்தான் இருந்தன. அவள் ஆள் அனுப்பிக் கேட்டாள். வாடை ஓய்ந்த காலத்தில் இங்கே வளர்த்துவிட்டு, வெயில் ஏறியதும் விதைப்பாசியோடு அங்கே போய், அந்தப் பெண்களோடு பங்குக்கு வேலை செய்யலாம் என்று பேச்சாயிற்று. பங்கு எவ்வளவு என்பதில் எடித்தும் உம்மு ஸல்மாவும் ஒரு பகல் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். ஆட்டுப் பட்டியின் நிழலில் இருந்து, குரல் கம்மும்வரை பிடித்த சண்டை. முடிவில் உம்மு ஸல்மா சாப்பாடு போட்டாள்.

முதல் நாள் வான் வண்டி விடியவே வந்து நின்றது. நனைத்த சாக்குகளில் விதைப்பாசியை ஏற்றினார்கள். பெற்றிசியா வந்து, எல்லா ஆசனங்களையும் பார்த்துவிட்டு, வேறு இடமில்லாமல் எடித்துக்குப் பக்கத்தில் இருந்தாள். தீவின் பாலம் தாண்டும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்தார்கள்.

"சாக்கு காயுது," என்றாள் பெற்றிசியா கடைசியில். "அந்தத் தண்ணிப் போத்தலை எடு."

எடித் எடுத்துக் கொடுத்தாள்.